வியாழக்கிழமைச் சுரங்கம்

தார்க்வா, சனிக்கிழமை

பாசமுள்ள அம்மாவுக்கு மகள் வும்பினியின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

தங்கச் சுரங்கத்தில் குழந்தைகள் வேலை செய்வது நின்றுவிட்டதா என்று பார்க்க எங்கள் திட்டக் குழு வியாழக்கிழமை போனது. ஒரு குழந்தைகூட இல்லை. "திட்டம் ஜெயிச்சிடுச்சு" என்று அதிகாரி அன்றே அறிக்கை அனுப்பிவிட்டார்.

மறுநாள் தனியாகப் போனேன். வெடித்த கைகளால் மண் அலசிக்கொண்டிருந்த சிறுமி அடோமா சிரித்தாள். "நேத்து ஏன்க்கா வந்தீங்க? வியாழக்கிழமை பூமித்தாய்க்கு ஓய்வு. பெரியவங்களே தோண்ட மாட்டாங்களே." நம் ஊர் தமாலேயில் இந்த வழக்கம் இல்லையே அம்மா.

அதிகாரியோ, "அனுப்பினது அனுப்பினதுதான், பேசாம இரும்மா" என்கிறார். தலைமையகத்துக்கு நானே எழுதிவிட்டேன். வேலை போனாலும் போகும். கவலைப்படாதீர்கள், தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வெடிப்புக்குப் பூசும் ஷியா வெண்ணெய் இரண்டு டப்பா கொடுத்தனுப்புங்கள். ஒன்று எனக்கு. மற்றது, அறிக்கையில் இல்லாத அந்தப் பிள்ளையின் கைகளுக்கு.

கடிதம் கொண்டுபோகும் வண்டி வந்துவிட்டது.

வும்பினி