எடுத்துப் போன மீன் தட்டு

அன்புள்ள தங்கைக்கு,

உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? நான் நலம், கவலைப்படாதே.

ஞாயிறன்று மகன் எங்களை ஒரு பிரெஞ்சு உணவகத்துக்கு அழைத்துப் போனான். மூன்று மணி நேரம் ஆற அமரச் சாப்பிடும் இடம். மீன் வந்ததும் பேரன் அழுதான். இன்னும் முடிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக, நம் பள்ளிக்கூட மதர் கற்பித்தபடி கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் விலக்கி வைத்துவிட்டு, அவனை வெளியே தூக்கிப் போனேன். திரும்பி வந்தால் தட்டைக் காணோம்.

"நீ வர நேரமாகும்னு நான்தாம்மா ரெண்டையும் சேத்து வச்சேன். எடுத்துட்டாங்க," என்றான் மகன்.

சேர்த்து வைத்தால் போதும் என்று பொருள். ஆறு வயதில் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஐஸ்கிரீம் வந்தபோது, "இன்னும் ஒரு வருஷம் இங்கேயே எங்களோட இரும்மா," என்றான்.

"நல்ல ஆயா கிடைக்கிறது கஷ்டம் அத்தை," என்றாள் மருமகள்.

விருந்து எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. யோசிக்கிறேன் என்றேன்.

நீ ஒரு காரியம் செய். உனக்கு உடம்பு முடியவில்லை, அக்கா வந்தால் தேவலை என்று அவனுக்கு எழுது. நான் பொய் சொல்லச் சொல்வது இதுதான் முதல் தடவை. ஊருக்கு அனுப்பு என்று அவனிடம் கேட்டு நிற்க என்னால் ஆகாது.

குழந்தை எழுந்துவிட்டான். இந்த வாரமே எழுது.

அக்கா