வாய் பிளந்த பேனர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோவை கால்பந்து விடுதியில் எழிலன் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

தங்கச்சி அம்முவின் மஞ்சள் நீராட்டு பேனரில் ஜெயவேல் மாமா வாய் பிளந்து தூங்கும் படத்தை வைத்தது நான்தான். பேனர் கடை அண்ணனைச் சிரிக்க வைக்கத்தான் அனுப்பினேன். நல்ல படம் அனுப்புவதற்குள் அதையே அடித்து எம்.கே.பி. நகர் முனையில் கட்டிவிட்டார்.

"இன்னாக்கா, தெருவே சிரிக்குது! இனிமே உன் வூட்டுப் படி ஏற மாட்டேன்" என்று மாமா கத்தினாராமே. தாய்மாமன் மாலை இல்லாமல் அம்மு எப்படி மணையில் உட்காருவாள்? சோறே இறங்கவில்லை அம்மா.

ஊருக்கு வரும் விடுதி நண்பன் முபாஷிரிடம் இந்தக் கடிதத்தோடு புது பேனரும் அனுப்புகிறேன். அதில் மாமா கோட்டு சூட்டில் இருக்கிறார், வாய் பிளந்து தூங்குவது நான். மாமா வீட்டெதிரே கட்டு. அவர் சிரித்தால் உடனே போன் செய்.

போட்டி இருப்பதால் எனக்கு லீவு இல்லை. தூங்குகிற நானாவது விழாவில் இருக்கட்டும்.

கோச் விசில் அடிக்கிறார், ஓடுகிறேன்.

எழிலன்