நீலப் பக்கம் கேட்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான். "பாப்பா, இன்னொரு டிகிரி கையில இருந்தா நல்லது. நாளைக்கே வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவ?" எனக்கு நாற்பத்து நான்கு வயது. இவனுக்கு நான் இன்னும் பாப்பா. பாப்பாவை யாராவது கல்லூரியில் சேரச் சொல்வார்களா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

அவன் சொல்வதிலும் தப்பில்லை. போன வாரம்தான் எங்கள் காது கிளினிக் டாக்டரம்மா, காது சோதிக்கப் புது மெஷின் வாங்கப்போவதாகச் சொன்னார். நோயாளி பெட்டிக்குள் உட்கார்ந்து தானே பொத்தானை அழுத்துவாராம், எவ்வளவு கேட்கிறது என்று அதுவே கோடு போட்டு அச்சடித்துக் கொடுத்துவிடுமாம். பத்தொன்பது வருடமாக நான் செய்வது அதைத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம், சத்தம் புகாத பெட்டிக்குள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர்கள். நான் ஒரு சத்தத்தை அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். குறித்துக்கொள்வேன். அடுத்த சத்தம். இப்படி எழுதிப் பார்த்தால் மெஷினே செய்துவிடும் போலத்தான் இருக்கிறது.

ஆனால் கேட்காமலே கையைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்களே? வெட்கப்பட்டுக்கொண்டு, குத்துமதிப்பாக? அவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அதை யார் கேட்கிறார்கள்!

ஜூன் 5

அண்ணன் கணினி படி என்கிறான். அவன் மகள் படிக்கிறாளாம். அவளோடு நான் போட்டி போடவா?

ஜூன் 9, திங்கள்

நூலக அறிவியல். தபால் வழிப் படிப்பு. இரண்டு வருடம். புத்தகம் வீட்டுக்கே வந்துவிடும், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்துவிட்டேன். ஜூலை முப்பத்தொன்று கடைசி நாள்.

ரிசப்ஷனில் இருக்கும் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணா அது, கழுகு. "ஏன்க்கா, இங்க பேசாம உக்காந்திருக்கறது பத்தலையா? லைப்ரரில வேற போய்ப் பேசாம உக்காரணுமா?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தச் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

ஜூன் 16, திங்கள்

தினம் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டு எல்லாச் சத்தமும் வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலப் பக்கம் இடதுக்கு. இன்று நீலப் பக்கத்தில் மேல் சத்தங்கள் வரவில்லை. அந்த மெல்லிய ஊசிச் சத்தம், எட்டாயிரம் என்போம், சுத்தமாக இல்லை. அதற்குக் கீழே உள்ளதும் அரைகுறை. பதிவேட்டில் 'நீலப் பக்கம் பழுது' என்று எழுதி மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டேன். அவருக்கு இருபத்தேழாம் தேதிதான் ஒழியுமாம். அதுவரை வருகிற எல்லாருக்கும் வலது காது மட்டும். இடது காது பிறகு.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போய்ப் பேச்சைத் தொடங்கினால் குரல் கரகரவென்று வருகிறது. கடைக்காரர் "சளியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று கிளினிக்கில் பேசியதோடு சரி, இன்றைக்கு இதுதான் முதல் பேச்சு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம். யாரும் வருவதில்லை. முந்தின வீட்டில் பக்கத்து வீட்டம்மா எதையாவது கேட்டு வந்து நின்று தொந்தரவு செய்வார். எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த எரிச்சலுக்குக்கூட ஆள் இல்லை. வாசலில் குருவி கத்துகிற மாதிரி ஒரு பெல் இருக்கிறது. அது கத்தி எத்தனை காலம் ஆயிற்று!

ஜூன் 24, செவ்வாய்

பஸ் டிரைவர் ஒருவர் இரண்டாம் முறை வந்து திரும்பிப் போனார். இரண்டு காதும் சரி என்று சீட்டுக் கொடுத்தால்தான் அவருக்கு டூட்டி. "ஒத்தக் காதுக்கு மட்டும் சீட்டு குடுத்தா நான் ஒத்தச் சக்கரத்துலயா மேடம் வண்டி ஓட்ட முடியும்?" என்றார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார். நான்தான் வள்ளென்று விழுந்தேன். "மெஷின் ரிப்பேர்னா நான் என்ன பண்ணட்டும்?"

அவர் போன பிறகு ரிசப்ஷன் பெண் மெதுவாக வந்தாள். "அக்கா, காலைல கூட்டும்போது சும்மா மாட்டிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் கேட்டுச்சே?" உனக்கென்ன தெரியும், உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று. மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

மெக்கானிக் வந்தார். நீலப் பக்கத்தைத் தன் காதில் வைத்தார், கேட்டார், தலையாட்டினார். இன்னொரு முறை. "வருதே மேடம்." பிறகு கேட்டார், ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டார்: "மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. ஒரு பக்கம் சத்தம் வரவில்லையா, ஹெட்போனைத் திருப்பிப் போடு. மௌனமும் பக்கம் மாறினால் ஹெட்போன் பழுது. மாறாமல் அதே காதிலேயே நின்றால் காது பழுது.

திருப்பிப் போட்டேன். சிவப்புப் பக்கம் என் இடது காதில். எட்டாயிரம். அவர் பொத்தானை அழுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது. காதில் ஒன்றுமே இல்லை.

மெக்கானிக் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அதைச் சுருட்ட வேண்டிய தேவையே இல்லை, பாவம், வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

ஜூன் 28

எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்திப் போடலை. பதினொரு நாள்! ரெண்டு செகண்டு வேலை, கையை இப்படித் திருப்பினா போதும், செய்யலையே நான். ஏன் செய்யலை? காது போச்சுன்னா வேலை போச்சு, வேலை போச்சுன்னா யார் இருக்கா எனக்கு? காலைல எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு இடம் இருக்குன்னா அது இது ஒண்ணுதான். அதுக்காக ஒரு மனுஷனை வீட்ல உக்கார வெச்சேனே. சின்னப் பொண்ணு ஒண்ணு உண்மையைச் சொன்னா, அவளைப் போட்டு —

நாளைக்கு எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முதல்ல உள்ள போய் உக்காருங்க" என்றார். அவரே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சின்ன அறை அது! கதவு மூடியதும் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கீழ்ச் சத்தங்கள் எல்லாம் வந்தன. கை தானாக எழுந்தது. மேலே போகப் போக ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கவில்லையே என்று ஒரு பதைப்பு. தூக்கிவிட்டேன்.

டாக்டரம்மா மைக்கில் சொன்னார், "நான் இப்ப எதையும் அழுத்தலையே."

இப்படித் தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று இந்த நோட்டில்தான் பெருமையடித்திருக்கிறேன். என் முகத்தை நான் பார்க்கவில்லை. உள்ளேயே அழுதேன். வெளியே கேட்காது, அந்தப் பெட்டிக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

இடது காதில் நாலாயிரத்துக்கு மேல் கேட்கும் திறன் இறக்கம். வலதிலும் ஆரம்பித்திருக்கிறது.

ஜூலை 2, புதன்

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கிறேன். "இதுக்காக உங்களை யாரும் போகச் சொல்லலை. காலைல கேட்டுப் பாக்கறதை அந்தப் பொண்ணு செய்யட்டும். ஆனா புது மெஷின் வரத்தான் போகுது. அதுக்கப்புறம் எத்தனை நாள்னு நான் வாக்குக் குடுக்க முடியாது." மழுப்பாமல் சொன்னது நல்லதுதான். அந்தப் பதினொரு நாளில் வந்துபோன எல்லாரையும் கூப்பிட்டு இடது காதை மறுபடி பாருங்கள் என்றார்.

முதலில் டிரைவருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். இரண்டு காதும் குழந்தைக் காது. சீட்டைக் கையில் கொடுத்து, மெஷின் சரியாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "சொல்லாமலே இருந்திருக்கலாமே மேடம், எனக்கு எங்க தெரியப்போகுது" என்றார். "பத்து நாளா வீட்லயே இருந்தேன். என் பொண்டாட்டிக்குத்தான் நீங்க பதில் சொல்லணும்."

ரிசப்ஷன் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பாதி பிஸ்கட்டை நீட்டினாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

குப்பை கொட்டப் போனபோது மாடிப்படியில் தரைத்தளத்துத் தையல்காரம்மாவைப் பார்த்தேன். எப்போதும் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். நானும் அப்படியே போவேன். இன்று நின்றேன். நானாகவே பேசினேன். உங்களுக்கு என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டேன்.

படபடவென்று கொட்டிவிட்டார். "கோபம் இல்லாம? நீங்க வந்த புதுசுல எத்தனை தடவை வந்து பெல் அடிச்சிருப்பேன்! உள்ள விளக்கு எரியுது, தண்ணி விழுற சத்தம் கேக்குது, கதவு மட்டும் திறக்காது. என் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ரெண்டு வாட்டி ஏறி வந்தேன். படிச்சவங்க, நம்மளோட எதுக்குப் பேசணும்னு இருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

கல்யாணம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டதாம்.

யாரும் வருவதில்லை, யாரும் வருவதில்லை என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. வந்திருக்கிறார்கள். மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, என் வாசலில் நின்று, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். ஐயோ. நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு என் தனிமையை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேனே!

அந்தக் குருவிச் சத்தம் மேல் சத்தம், என் காதுக்கு எட்டாது என்ற விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "காது டெஸ்ட் பண்றவங்களுக்கே காது கேக்கலையா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு இருவருமே சிரித்துவிட்டோம்.

ஜூலை 7

தையல்காரம்மா வெளியே நின்று பெல் அடித்தார், நான் சமையலறையில் நின்றேன். குழாயை மூடினால் எங்கேயோ ஒரு கீச்சு. திறந்தால் அதுவும் இல்லை. குருவியைக் கழற்றிவிட வேண்டும்.

ஜூலை 12, சனி

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூலக அறிவியல். பெயர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி. இது பிடித்துத்தான் போடுகிறேனா? இல்லை. இரண்டு வருடம் யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காகத்தான் போட நினைத்தேன். இன்னொரு பெட்டிக்குள் போய்க் கதவை மூடிக்கொள்வதற்கு ஒரு டிகிரி.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் பட்டம் இருக்கிறது. பல வருடமாகத் தெரியும். கிளினிக் பலகையில் அதன் நோட்டீசை ஒட்டுவதே நான்தான். இரண்டு வருடம், ஞாயிறுதோறும் நேரில் வகுப்பு. எத்தனை பிள்ளைகளுக்கு 'கேட்கவில்லை' என்று கோடு போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்! அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

அண்ணனிடம் சொன்னேன். "அதுல வேலை கிடைக்குமா?" என்றான். கிளினிக் வேலை போனாலும் அது இருக்கும் என்றேன். "அதுக்கும் காது வேணாமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு அவனே பதறிப்போனான். வேண்டும்தான் அண்ணா, ஆனால் நாளைக்கு எனக்கே அங்கே சொல்லிக்கொடுக்கிற சைகைப் பேச்சு தேவைப்படலாம் இல்லையா என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ, என் காதுதானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்த மாதக் கடைசியில் வருகிறானாம்.

ஜூலை 30, புதன்

ஆசிரியர் பட்டத்துக்குப் படிவம் கொடுத்தாயிற்று. அண்ணன் கூடவே வந்தான். ஊருக்குத் திரும்பும் முன் புது பெல் மாட்டிவிட்டுப் போனான். டிங் டாங் என்று கனமான குரல்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் வகுப்பு. முப்பது பேர். பாதிப் பேர் என் அண்ணன் மகள் வயது. முதல் வரிசையில், வலது காது ஆசிரியர் பக்கம் வருகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்தேன். ஆனாலும் அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். நானும் பேனாவைத் திறந்து எழுதுகிற மாதிரி குனிந்தேன்.

பேனா தாளில் படவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து கையைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. டாக்டரம்மாவின் குரலும்.

கையைத் தூக்கினேன். "எனக்குக் கேக்கலைங்க. இன்னொரு தரம் சொல்றீங்களா?"

அவர் திரும்பி நின்று நிதானமாக முதலிலிருந்து சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, "அப்பாடா, எனக்கும் கேக்கலை ஆன்ட்டி. யாராவது கேப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள். இடைவேளையில் டீ குடிக்கவும் அவளே இழுத்துக்கொண்டு போனாள். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த ஞாயிறுக்குள் செய்ய வேண்டிய பாடம் என்னவென்றால்

பெல் அடிக்கிறது. தையல்காரம்மாதான். போய்த் திறக்கிறேன்.