சேதம் இல்லை

1. 2025 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. காலை 6.10.

விடியுமுன் கனமழை, இப்போது தூறல். இரத்த அழுத்த மாத்திரை 5.45க்கு. பால் இன்னும் வரவில்லை.

நேற்று மாலை 7.20க்கு ஜெபராணி டீச்சரின் தொலைபேசி. (இனி ஜெ.) தாராவி மாநகராட்சிப் பள்ளியில் நான் ஓய்வு பெற்றபின் வாசிப்பறைப் பொறுப்பு அவருடையது. நான்கு ஆண்டுகள், ஒரு மாதம். செய்தி: கல்வி அதிகாரி வந்து பார்த்திருக்கிறார். வாசிப்பறையைச் சாமான் அறையாக்க உத்தேசம். ஆட்சேபம் இருந்தால் அடுத்த திங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

"பதிவேட்டப் புரட்டிப் பாத்துட்டு, பசங்க ஒரு புக்கக்கூட எடுத்ததில்லையே, பின்ன தனியா ஒரு ரூம் எதுக்குன்னு கேட்டாங்க சார். நீங்கதான் லெட்டர் எழுதித் தரணும்."

கடிதம் எழுதித் தர ஒப்புக்கொண்டேன்.

அதே நாள், பிற்பகல் 3.40. வரைவு முடிந்தது. நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் முழுவதும் எழுத்தறிவின் அவசியம். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நன்னாத்தான் இருக்கு. ரெண்டாம் பக்கத்துல நான் காப்பி போட எழுந்து போனேனே, தெரிஞ்சுதோ உங்களுக்கு?"

தெரியவில்லை.

2. ஜூலை 2, புதன். மாலை 5.05.

கிங்ஸ் சர்க்கிளில் பேருந்து 25 நிமிடம் தாமதம். குடைக்கம்பி ஒன்று வளைந்தது.

பள்ளியில் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். நீல அட்டை. நான் தொடங்கியது. மாணவர் பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி: மூன்று பத்திகளும் காலி. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஒரே வரி: 'நூல்கள் 412. குறைவு இல்லை. சேதம் இல்லை.' கீழே கையொப்பம். என்னுடையது பதினொன்று. பிறகு ஜெ.யுடையது நான்கு.

"ஏம்மா, அலமாரியத் திறக்கறதே இல்லையா?"

"நீங்க வச்ச வழக்கந்தான சார். பொஸ்தகம் தொலஞ்சா நீதாம்மா பதில் சொல்லணும்னு சாவியக் குடுக்கும்போது சொன்னீயளே."

சொன்னேன். 31-5-2021, பகல் 12 மணி. குழந்தைகள் எடுக்கவில்லை என்பதன்று, கொடுக்கப்படவில்லை. என் நான்கு பக்கத்தில் இது எங்கும் இல்லை.

முடிவுகள்:
(அ) அலமாரியை இன்றே திறப்பது.
(ஆ) கடிதம் ஒரே பக்கம். மராத்தியில். ஜெ. எழுதுவார்.
(இ) எழுத்தறிவின் பெருமை வேண்டாம். இந்த வாரம் யார் எதை எடுத்தார்கள் என்பது போதும்.
(ஈ) தாய்மாரின் கையொப்பம்.

பகல் 1.30க்குத் திறந்தோம். நான்காம் வகுப்பு. வரிசையில் நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை. 19 நூல்கள் போயின. வீடு வரும்வரை மனத்தில் கணக்கு: மீதி 393.

3. ஜூலை 4, வெள்ளி. மாலை 6.00.

நேற்று எழுதவில்லை. காரணம்: பல்வலி, இடது கீழ்.

19இல் 14 திரும்பின. நூல் கேட்டவர்கள் இன்று ஐந்தாம் வகுப்பிலும். பதினொன்றரைக்குப் பேச்சியம்மாள் வந்தார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய். அப்பளக் கம்பெனியில் வேலை.

"எங்க லைன்ல தண்ணி வாரதே அர மணி நேரம். இவ கொடத்தக் கீழ வச்சிட்டு இதத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கா. கொரங்குக்குக் கல்யாணமாம் சார் அதுல. தம்பிக்காரனுக்கு மூணு தடவ படிச்சிக் காட்டியாச்சு. எனக்கே பாடமாயிட்டு." நூலை மேசைமேல் வைத்தார். "கொழம்பு பட்டுட்டு. வைவீயளோ?"

பக்கம் 14, 15 ஒட்டியிருந்தன. வைய வாய் வந்தது. கையொப்பம் கேட்க வேண்டியிருந்ததால் வையவில்லை. போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

பதிவேட்டின் நகலையும் இணைக்க வேண்டும் என்றேன். ஜெ.க்குத் தயக்கம்.

"உங்க ரிட்டயர்மெண்டு விழாவுல மேடையில தூக்கிக் காட்டிப் பாராட்டுன பதிவேடு சார் அது. உங்க பேரு மேல ஒரு தாள வச்சு மறச்சு ஜெராக்ஸ் எடுத்துருவோம். எம் பேரு மட்டும் இருக்கட்டும்."

"உனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கும்மா."

"உங்களுக்குப் பேரு பாக்கி இருக்கே சார்."

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கிங்ஸ் சர்க்கிளில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம்.

4. ஜூலை 7, திங்கள். காலை 9.15.

மழை இல்லை. பல்வலி குறைவு. 11 மணிக்கு வார்டு அலுவலகம், ஜெ.யுடன், நேரில்.

கடிதத்தில் மூன்று வரிகள் என்னுடையவை, ஜெ. மராத்தியில் பெயர்த்தார். நானே இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்: 'குழந்தைகள் நூல் எடுக்க விரும்பவில்லை என்பது சரியன்று. பதினோரு ஆண்டுகள் அலமாரியைப் பூட்டி வைத்தவன் நான். எனக்குப் பின் வந்தவர் என் சொற்படி நடந்தார்.'

கடிதத்துடன் இணைத்தவை:

1. ஜூலை 2 முதல் 5 வரை வழங்கிய நூல்களின் பட்டியல். 2 தாள். வழங்கியவை 47, திரும்பாதவை 8, சேதம் 6.
2. தாய்மார் ஒன்பது பேரின் கையொப்பம். 1 தாள்.
3. வாசிப்பறைப் பதிவேட்டின் நகல். 15 தாள். முதல் பதினொன்றில் என் பெயர் மங்கலாக விழுந்திருந்ததால் மறுபடி எடுக்கப்பட்டது.