சுவரில் தம்பியின் மூக்கு

பிப்ரவரி 3, 1412
மழை. கூலிப்படை ஒப்பந்தம் முடிந்தும் சான்வேரோ நகரம் எங்களை விடவில்லை. அதைப் புதுப்பிக்க அவர்கள் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லும்வரை என் படை வேறு யாரிடமும் போகக் கூடாது. பிணையாக என் தம்பி கலாசோ அவர்கள் அரண்மனையில். “குதிரையெல்லாம் தின்னே கொழுத்துப் போச்சு, கேப்டன்! எத்தன நாளைக்கு இப்படிக் குந்திக்கிட்டு இருக்கறது?” என்று என் துணைத்தலைவன் நூத்தோ கத்துகிறான். எனக்கும் கால் தரிக்கவில்லை.

பிப்ரவரி 9
ரோக்காமெல்லாவிலிருந்து நாலு பெரியவர்கள் கோட்டைச் சாவியோடு வந்தார்கள். அவர்கள் பிரபு வாரிசில்லாமல் செத்துவிட்டாராம். “நீங்க வந்து உக்காருங்க. இல்லன்னா எவனாவது வந்து சூறையாடிட்டுப் போயிடுவான்.”

ஒரு ஊர்! கோவேறு கழுதை ஓட்டியவரின் பேரன் நான். பெலாச்சி என்ற எங்கள் குடும்பப் பெயர் நாளைக்கு ஒரு வம்சம். ஆனால் நான் போனால் கலாசோவின் கழுத்து?

பிப்ரவரி 10
பெரியவர்களைக் காக்க வைத்திருக்கிறேன். லாடம் அடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 14
ரோக்காமெல்லாவுக்குள் நுழைந்துவிட்டோம். மணி அடித்தார்கள், ஜன்னல்களில் கம்பளம் விரித்தார்கள். கலாசோவைக் கொல்லமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். தெரிந்துதான் வந்தேன். பாவி நான்.

மார்ச் 2
சான்வேரோவிலிருந்து ஒரு துணி வியாபாரி வந்தான். வாக்கு மீறிய கேப்டன்களுக்குச் செய்வதுபோல, அரண்மனைச் சுவரில் என்னையும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதாக வரைந்துவிட்டார்களாம். நூத்தோ விழுந்து விழுந்து சிரித்தான். “அச்சு அசலா நீங்கதான். மூக்குதான் கோணிக்கிட்டு நிக்குது,” என்றான் வியாபாரி.

கோணல் மூக்கா! குதிரை உதைத்துக் கோணிய மூக்கு, கலாசோவுடையது. என் சாயல் என்று ஓவியன் முன்னால் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் உயிரோடு இருக்கிறான்! என் மேலங்கியைக் கழற்றி வியாபாரிக்குக் கொடுத்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மார்ச் 11
நாங்கள் நுழைந்தபோது இங்கே சிக்கிய சான்வேரோ தூதரை விடுகிறேன், தம்பியை விடுங்கள் என்று நூத்தோவை அனுப்பியிருந்தேன். உடனே விட்டார்களாம். ஆனால் நூத்தோ தனியாகத்தான் திரும்பினான். என் முகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தான்.

“‘இவங்க என் மூஞ்சிய மட்டுந்தான் தொங்கவிட்டாங்க. எங்கண்ணன் என்னையே தொங்கவிடத் துணிஞ்சவன். நான் வரல’ன்னு சொல்லச் சொன்னாரு.”

மார்ச் 12
உண்மைதானே? உண்மைதான்.

மார்ச் 30
நடந்துகொண்டே இருக்கிறேன். இந்த ஊர் மூன்று வீதி. சுற்றிச் சுற்றி அதே கிணறு.

ஏப்ரல் 20
ஊர்ச்சபை ஆட்சியைப் பெலாச்சிகளுக்கே பரம்பரையாக எழுதிக் கொடுத்தது. எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பின் கலாசோ என்று எழுதச் சொன்னேன்.

மாலையில் செய்தி வந்தது. சான்வேரோ தன் படைத்தலைமைக் கோலைக் கலாசோவிடம் கொடுத்துவிட்டது. குதிரைகளுக்குப் புல் வளர்ந்ததும் இந்த ஊர்மேல்தான் படையெடுத்து வருகிறான். மதிலைப் பூசச் சொன்னேன். கோல் ஏந்தி முன்னால் வருகிறவன்மேல் ஒரு அம்புகூடப் படக் கூடாது என்று வில்லாளிகளிடம் சொன்னேன்.

“அப்ப அவரு உள்ள வந்துட்டாருன்னா?” என்றான் நூத்தோ.

“வரட்டும்டா. அவனும் பெலாச்சிதானே?”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு மதில் பக்கம் போனான்.