உங்கள் முதுகில் பழகிய கை

அக்கா,

நேற்று மலாக்கா பக்கத்து ஆயர் குரோவில் பேத்தியின் பள்ளிக்கூடத்துக் கூட்டம். கேன்டீன் மேசையில் ஒரு கூடை ரம்புத்தான் பழம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து கேட்டேன்: "ஒரு பிள்ளைக்குத் தொண்டையில அடைச்சுக்கிட்டா டீச்சருங்க என்ன செய்வீங்க?"

"ஆம்புலன்ஸ கூப்பிடுவோம் லா, பாட்டி," என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

"அது வர்ற வரைக்கும்?"

அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உங்கள் மகளுக்கு அன்று ஏழு வயது. மலாயாவில் அவசரகாலம், கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பயந்து எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் துப்பாக்கிக் காவல். நீங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தீர்கள். நான் பத்தொன்பது வயதில் புதிதாக வந்த டீச்சர். இடைவேளையில் ரம்புத்தான் கொட்டை அவள் தொண்டையில் சிக்கியது. சத்தமே இல்லை. தண்ணீர் கொடுத்தேன், வாயோரம் வழிந்தது. வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸரின் மருந்துக்கூடம் கேட்டுக்கு வெளியேதான். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாஸ் இல்லாம தொறக்க முடியாது டீச்சர். தொர ஆர்டர்," என்றான் காவல்காரன்.

டிரஸ்ஸரே ஓடிவந்து கேட்டைத் திறக்க வைத்தபோது, அவள் என் கையிலேயே போய்விட்டிருந்தாள்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி "தலைவிதி" என்றார். நீங்கள் டிரஸ்ஸரிடம் கேட்டீர்கள்: "என்ன செஞ்சிருக்கணும்?"

"குனிய வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஓங்கித் தட்டியிருக்கணும்மா."

"அப்போ அது விதி இல்ல. டீச்சருக்கு ஏன் யாரும் சொல்லிக் குடுக்கல?"

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் துரை ஆபீஸ் வாசலில் நின்றீர்கள். கம்யூனிஸ்ட் என்று பிடித்துப் போவார்கள் என கிராணி மிரட்டினார். "காவல்காரனுக்குத் துப்பாக்கி பிடிக்க வாராவாரம் சொல்லிக் குடுக்கிறீங்க. புள்ளைய காப்பாத்தச் சொல்லிக் குடுக்க ஒரு மணி நேரம் இல்லையா?" என்றீர்கள். நான்காம் நாள் துரை இறங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர்களுக்குச் சொல்லிக் கொடுக்க டிரஸ்ஸர் பள்ளிக்கு வந்தார். யார் முதுகில் பழகுவது என்று நாங்கள் நெளிந்தோம். நீங்கள் உள்ளே வந்து குனிந்தீர்கள். நான் மெல்லத் தட்டினேன்.

"ஓங்கித் தட்டுங்க டீச்சர். தடவிக் குடுக்கவா வந்தேன்?"

எட்டு மாதம் கழித்து, ஆறு வயதுப் பெண்ணொருத்திக்கு அவித்த பலாக்கொட்டை அடைத்துக்கொண்டது. குனியவைத்துத் தட்டினேன். மூன்றாவது அடியில் தெறித்து விழுந்தது. வீறிட்டு அழுதாள். செய்தி கேட்டு, பால்வாளியோடு ஓடிவந்தீர்கள்.

"எத்தன அடி?"

"மூணு, அக்கா."

"மூணே அடியா?"

அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். மகளைப் புதைத்த அன்றுகூட அழாத நீங்கள், அன்று அழுதீர்கள். பக்கத்தில் உட்கார எனக்குத் துணிவில்லை. என்னை ஒருநாளும் நீங்கள் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் இப்போது மலாக்காவில் இருக்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து காலில் விழுவாள். எழுப்பும்போது என் கை அவள் முதுகில் படும். உங்கள் மகள் இருந்திருந்தால் இவளைவிட இரண்டு வயது மூத்தவள் என்று மனம் எண்ணும். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, அக்கா. அந்த மூன்று அடியை முன்பே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று கோபம்தான் வருகிறது.