பாஸ் என்றால் தவறிவிட்டார் என்று அர்த்தமாம்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்து உன்னை உதைத்துக்கொண்டிருக்கும் வாலும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே மூடிவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

போன மாதம் நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவையாவது கேள். வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்தவள், அப்போதுதான் மாடியேறி வந்த, நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டு ஓடினாய். நான் நல்லா இருக்கீங்களா என்று என் இங்கிலீஷில் கேட்டேன். அவர் மெல்லிய குரலில் மை மதர் பாஸ்டு என்றார். அவருடைய அம்மா எழுபத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று நீதானே சொல்லியிருந்தாய், நான் வேறென்ன நினைப்பேன்? டெஸ்டில் பாஸாகிவிட்டார் போலிருக்கிறது என்று கையைத் தட்டி, கங்கிராஜுலேஷன்ஸ், சூப்பர், பார்ட்டி எப்போ என்று கேட்டேன். பாவம், அந்த முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அப்புறம் நீ வந்து விஷயத்தைக் கேட்டு, ஐயோ அம்மா, பாஸ்டுன்னா அவங்க அம்மா செத்துப்போயிட்டாங்கம்மா என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் பிரசவத்துக்கு நீ இங்க வரும்போது யாராவது இங்கிலீஷ்ல பேசினா சும்மா சிரிச்சிட்டு நில்லும்மா, மானத்தை வாங்காதே, நான் பேசிக்கறேன் என்றாயே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அப்பாவிடம் சொன்னேன், அவரும் அவ சொல்றதும் சரிதானே என்று பேப்பரைத் திருப்பினார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது.

தப்பாகப் புரிந்துகொள்வது என் ஒருத்திக்கா நேர்கிறது? போன வாரம் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருவர் வந்து கண்ணாடி வேணும் என்றார். ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து மாட்டிவிட்டேன், அவரும் மரியாதைக்குப் போட்டுப் போட்டுக் கழற்றினார். கடைசியில்தான் ஷேவ் பண்ண முகம் பார்க்கற கண்ணாடிங்க என்றார். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். நீங்கள் இனிமேல் பேசாதீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. நீ மட்டும் என்னவாம், வியாழக்கிழமை டெலிவரிம்மா என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய், எட்டாம் மாதத்திலேயேவா என்று நான் வெலவெலத்துப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் வந்தது தொட்டில்! பிள்ளை வந்தாலும் டெலிவரி, பார்சல் வந்தாலும் டெலிவரி, ஃபைன் கட்டினாலும் ஃபைன், நல்லா இருந்தாலும் ஃபைன். குழப்பமெல்லாம் அந்தப் பாஷை செய்யும், வாயை மட்டும் நான் மூடிக்கொள்ள வேண்டுமா?

மூடிக்கொள்ளவில்லை. நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நீ குடிபோன புதிதில் அவசரத்துக்கென்று கொடுத்த நம்பர் இருந்தது, கடையில் சாப்பாட்டு நேரத்தில் உள்ளறைக்குப் போய் அந்த அம்மாவையே கூப்பிட்டுவிட்டேன். மேடம், ஐயாம் சாரி, ஐ திங்க் டிரைவிங் டெஸ்ட் பாஸ் என்றேன். பயத்தில் நான் பேசிக்கொண்டே போனேன், எங்கள் பாஷையில் ஒருவர் இறந்தால் தவறிட்டார் என்போம், பரீட்சையில் ஃபெயிலானாலும் தவறிட்டார்தான், உங்களுக்கு பாஸ், எங்களுக்கு ஃபெயில் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளை முன்னும் பின்னுமாகப் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு விக்கல் மாதிரிக் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து அப்புறம் அழுதார். மெதுவாப் பேசுங்க என்று கேட்டு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். அவருடைய அம்மா அந்த டெஸ்டில் மறுபடி மறுபடி ஃபெயிலாம், கடைசி வரைக்கும் லைசென்ஸ் கிடைக்கவே இல்லையாம். நீங்க ஒருத்தர்தான் அவங்களுக்குக் கைதட்டினீங்க, கேட்டிருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாங்க என்றார். எல்லாரும் ஆறுதல் சொல்லிவிட்டு அவசரமாக நகர்ந்துவிடுகிறார்களாம், அம்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதே இல்லையாம். நான் கேட்டேன். என்ன கலர் பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. அதற்கப்புறம் வாராவாரம் பேசுகிறோம், உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று அவரைச் சொல்லவிடவில்லை.

அதனால் கேட்டுக்கொள், நான் அங்கே வந்து சிரித்துக்கொண்டு நிற்கப்போவதில்லை. நர்ஸிடம் பேசுவேன், டாக்டரிடம் கேட்பேன், புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன், என் பிள்ளைக்கு வலிக்கும்போது இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். உனக்கு வெட்கமாக இருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கனமான எதையும் தூக்காதே. நீயும் குழந்தையும் சுகப்பட்டு, நூறு வயசு வாயாடிக்கொண்டு இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு நீ அலைய வேண்டாம், மாப்பிள்ளையும் லீவு போட வேண்டாம். வீட்டுக்கார அம்மா தன் காரிலேயே வந்து என்னை அழைத்துக்கொள்கிறாராம். வழியெல்லாம் பேச நிறைய இருக்கிறது என்றார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா